மழையில் துளுக்கிய கிடா

வளைவில் திரும்புவதற்காகப் பேருந்து வேகத்தைக் குறைத்தது. படியில் நின்றிருந்த நடத்துனர் தலையை நீட்டினார்.

"ஏனுங்க, அது ஆடுங்களா, நாயிங்களா?"

கிடாவுக்குச் சாக்கு மாட்டியிருந்தேன். தேயிலைச் சாக்கில் முன்னங்கால்கள் நுழைய இரண்டு ஓட்டை போட்டு, வயிற்றுக்கடியில் கயிறு கட்டி, அதற்கு மேல் பிளாஸ்டிக் தாள் ஒன்றும் சுற்றியிருந்தேன். அந்தப் பனிமூட்டத்தில் அது என்னவென்று தெரியாதுதான்.

"கெடாய்ங்க."

"அப்ப நடந்தே வாங்க. போன வாட்டி ஒருத்தரு ஆட்ட ஏத்திப்போட்டு, பொள்ளாச்சி வரைக்கும் நான் புழுக்கை கூட்டுனேன்."

உள்ளே யாரோ சிரித்தார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உண்மையில் நான் பேருந்துக்குக் கை காட்டவே இல்லை. உள்ளே எஸ்டேட் ஆட்கள் இருப்பார்கள். அவர்களுக்கு என்னைத் தெரியாமல் இருக்கலாம். அந்தக் கிடாவைத் தெரியாமல் இருக்காது.

வால்பாறை மலையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கும் சாலை அது. வளைவுக்கு வளைவு குறுக்குத் தடம் உண்டு. சாலையில் நடந்தால் யாராவது பார்ப்பார்கள், தடத்தில் இறங்கினால் கால் முழுக்க அட்டை ஏறும். பெரும்பாலும் தடத்திலேயே இறங்கினேன். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை கிடா நின்று இருமும். மனிதன் இருமுவது போலவே இருக்கும். அது முடியும் வரை நான் கயிற்றைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பிறகு இருவரும் நடப்போம்.

ஓர் இடத்தை விட்டு நடப்பது எனக்குப் புதிதல்ல. தாராபுரத்துப் பக்கம் பிறந்தவன் நான். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பினேன். கொடுமுடியில் தேங்காய் பழக் கடை, பீளமேட்டில் ஒரு மில் கேன்டீன், அங்கிருந்து லாரிக்குக் கிளீனர் என்று போனது. எங்கேயும் வேரூன்றும் அளவுக்கு இருந்ததில்லை. அலுத்துப் போனால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். யாரும் என்னிடம் எதையும் கொடுத்தனுப்பியதில்லை. தொண்ணூறுகளின் நடுவில் அந்த ஒரு நாள்தான் ஓர் உயிரைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு ஓர் இடத்தை விட்டு வந்தேன்.

மலைக்குப் போனது கவாத்து வேலைக்கு. தேயிலைச் செடிகளைச் சில வருஷங்களுக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள். அப்போது வெளியாட்களும் தேவைப்படும். வெட்டி முடிக்கும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. அங்கே மழை பெய்து ஓய்வதில்லை, குடிவந்துவிடும். சாலையில் மண் சரிந்து பேருந்தும் நின்றது. வெளியாட்களில் கெட்டிக்காரர்கள் அதற்கு முன்பே இறங்கிவிட்டார்கள். நான் ஒரு நாள் தாமதித்தேன். அந்த ஒரு நாள் மழைக்காலம் முழுவதுமாக நீண்டுவிட்டது.

எஸ்டேட்டில் ஆட்கள் இருப்பது லைன் வீடுகளில். நீளமான ஒரே கட்டடத்தை வரிசையாகத் தடுத்து வீடாக்கியிருப்பார்கள். ஓர் அறை, ஒரு சமையலறை. அந்தக் குளிரில் அதற்குள் மனிதர்கள் மட்டும் இருக்கவில்லை. அடுப்புச் சாம்பலில் பூனை படுத்திருக்கும். கூடைக்கு அடியில் கோழிகள். கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே சிட்டுக்குருவிகள் வைக்கோலைத் திணித்து வைத்திருக்கும். அடுப்புப் புகை மேலே போனால் இறங்கி வந்து அரிசிப் பானை விளிம்பில் உட்காரும், யாரும் விரட்டமாட்டார்கள். மாட்டுக் கொட்டகையை ஒட்டிய சுவர் மற்ற சுவர்களைவிட வெதுவெதுப்பாக இருக்கும். அந்தச் சுவரோரம் யார் படுப்பது என்று வீட்டுக்கு வீடு சண்டை நடக்கும்.

வெளியே இருப்பவையும் உள்ளே வரத்தான் பார்க்கும். சிங்கவால் குரங்குகள் கூரைத் தகரத்தை நெம்பி, உள்ளே என்ன குழம்பு என்று எட்டிப் பார்க்கும். யானைகள் உப்பு வாசனைக்கு வந்து சுவரை முட்டும். காலையில் கதவைத் திறந்தால் தேயிலைக்கு நடுவில் காட்டெருமைகள் ஆவி விட்டுக்கொண்டு நிற்கும். அவை நகர்ந்தால்தான் பெண்கள் கொழுந்து பறிக்கப் போக முடியும். எவ்வளவு நேரமானாலும் கூடையோடு நின்றுகொண்டிருப்பார்கள்.

சாயங்காலம் வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் லைனில் ஒரு குரல் கேட்கும்.

"அடைச்சாச்சா?"

அடுத்த வீடு, "அடைச்சாச்சு" என்று சொல்லி, அதற்கு அடுத்த வீட்டைக் கேட்கும். அப்படியே கடைசி வீடு வரை போகும். மாடு, கோழி, பிள்ளைகள், புருஷன் எல்லாரும் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். அதற்குப் பிறகு விடியும் வரை யாரும் கதவைத் திறப்பதில்லை. நான் கடைசி வீட்டை ஒட்டிய விறகுச் சாய்ப்பில் படுத்திருந்தேன். முதல் சில நாட்கள் என்னைக் கேட்க ஆள் இல்லை. பிறகு கடைசி வீட்டு அக்கா கேட்கத் தொடங்கினாள்.

"தம்பி, அடைச்சாச்சா சாமி?"

"அடைச்சாச்சுங்கக்கா."

நான் பேசிய தமிழைக் கேட்டுத்தான் அந்த அக்கா எனக்குச் சாய்ப்பைக் கொடுத்தாள். லைனில் பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். அக்கா மட்டும் கீழே ஆனைமலைப் பக்கம். கல்யாணமாகி மலை ஏறியவள், இருபது வருஷமாகக் கொழுந்து பறிக்கிறாள். பிள்ளைகள் இல்லை. அவள் புருஷன் தேயிலைத் தொழிற்சாலையில் பாய்லருக்கு விறகு போடுகிறவர். அந்த மலையிலேயே பனியனோடு நடமாடிய ஒரே ஆள். அக்காவுக்குக் குளிரில் விரல் மூட்டுகள் வீங்கி, காலையில் கொண்டை போடக் கை மடங்காது.

"கீழ போயிரலாங்க," என்பாள் அவரிடம்.

"கீழ என்ன இருக்குது? வெயிலு. அத நா தெனமும் பாய்லர்லயே பாக்கறேன்."

அதனால்தான் அவள் சாமியிடம் சொல்லிவைத்தாள். மலையை விட்டு இறங்கித் தம்பி ஊரில் குடிபோனால் கருப்பராயனுக்கு ஒரு கிடா. நேர்ந்த கையோடு ஒரு கறுப்புக் குட்டியை வாங்கி, காதில் ஒரு துண்டு வெட்டி அடையாளமும் வைத்துவிட்டாள். சாமிக்கு விட்ட கிடாவை அடிக்கக் கூடாது, விற்கக் கூடாது, வேறெதற்கும் கொடுக்கக் கூடாது. அது அந்தக் கிடாவுக்கும் தெரிந்திருந்தது. லைனில் எல்லார் வீட்டுக் கீரைப் பாத்தியும் அதனுடையது. மேய்ந்துவிட்டு, என் சாய்ப்பில் வந்து என் முதுகோடு முதுகு வைத்துப் படுக்கும். நாற்றம் பழகிவிட்டது. அந்தச் சூடு இல்லாமல் என்னால் தூங்க முடியாது என்ற நிலையும் வந்தது.

"இவன் உசுரோட கீழ எறங்குனாத்தா நான் எறங்குவேன் கண்ணு," என்று அக்கா ஒருநாள் சொன்னாள். "நடுவுல செத்துப்போச்சுன்னா சாமி வேண்டாம்னு திருப்பிக் குடுத்துட்டாருன்னு அர்த்தம். அப்பறம் என்ற எலும்பு இந்த மண்ணுலதான்."

சிறுத்தை வந்தது அந்த மழையில்தான். முதலில் நாய்கள் காணாமல் போயின. பிறகு ஒரு கன்றுக்குட்டி. பிறகு ஒருநாள் சாயங்காலம், குழாயடிக்குப் போன ஒரு பெண்ணின் மேல் பாய்ந்து தோளைக் கீறிவிட்டு ஓடியது. அதற்குப் பிறகு "அடைச்சாச்சா" மூன்று மணிக்கே கேட்கத் தொடங்கியது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஆண்கள் தகரம் தட்டிக்கொண்டு கூட்டிப்போனார்கள். மண் சரிந்த இடத்தில் ஒரு ஜீப் போகிற அளவுக்கு வழி விட்டதும், காட்டிலாகா ஆட்கள் ஓர் இரும்புக் கூண்டைக் கொண்டுவந்து தேயிலைக்கும் சோலைக்காட்டுக்கும் நடுவில் இறக்கிவைத்தார்கள். கூண்டு இரண்டு தடுப்பு. பின்தடுப்பில் ஆட்டைக் கட்ட வேண்டும். ஆட்டைத் தேடி முன்தடுப்புக்குள் சிறுத்தை நுழைந்தால் கதவு விழும். நடுவில் கம்பி இருப்பதால் ஆட்டுக்கு ஒன்றும் ஆகாது என்றார்கள்.

லைனில் அப்போது ஆடு என்று இருந்தது இரண்டுதான். ஒன்று குட்டி போட்டிருந்தது. இன்னொன்று இது.

அக்கா வாசலில் குறுக்கே நின்றுகொண்டாள். கங்காணி முன்னால் வந்தார். கொழுந்து பறிக்கிறவர்களை மேய்க்கும் பெரியவர், திருநெல்வேலிக்காரர், தலையில் எப்போதும் ஒரு கம்பளிக் குல்லா.

"ஏம்மா, எல்லாரு புள்ளையும் அந்தத் தடத்துலதான போகுது? ஒங் கெடா மட்டும் ஒசத்தியோ?"

"என்றதா இருந்தாக் கேக்கறதுக்கு முன்னாலயே குடுத்திருப்பேனுங்க அண்ணாச்சி. இது சாமிது."

"அப்பம் சாமிகிட்டயே கேப்போம். எங்கூர்லயும் ஆடு சிலுப்புனாத்தான் வெட்டுவோம்."

சாமி முன்னால் கிடாவை நிறுத்தித் தலையில் தீர்த்தம் தெளிப்பார்கள். கிடா உடம்பை உதறினால் சாமி ஒப்புக்கொண்டது என்று பொருள். அவர்கள் சிலுப்புவது என்பார்கள், நாங்கள் துளுக்குவது என்போம். துளுக்கும் வரை கத்தி தூக்கமாட்டார்கள். துளுக்காவிட்டால் அவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அக்கா இதற்கு ஒத்துக்கொண்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. செம்பில் தண்ணீர் எடுக்க உள்ளே வந்தவள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"கருப்பராயன் கீழ வேப்பமரத்தடியில இருக்கறவரு கண்ணு. இந்தக் குளுருக்கு இங்கெங்க ஏறி வரப்போறாரு? துளுக்காது பாரு."

கிடா அதுவரை அடுப்புக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. அதைக் கயிற்றைப் பிடித்து வாசலுக்கு இழுத்துவந்தேன். கூரை விளிம்பைத் தாண்டி ஓர் அடி வைத்ததும் மழை அதன் முதுகில் விழுந்தது. மூக்கில் தொடங்கி வால் வரைக்கும் சடசடவென்று உதறியது. செம்பு இன்னும் அக்கா கையிலேயே இருந்தது.

"ஆச்சு!" என்றார் கங்காணி.

"தண்ணி இன்னும் ஊத்தவே இல்லீங்களே!"

"வானமே ஊத்துது. ஒஞ் செம்பு எதுக்கு?"

"அது மழைங்க!"

"மழைய யாரு குடுக்கா? மேனேஜரா குடுக்காரு?"

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "முறையாக் கேக்கோணும்," என்று சொல்லி, சூடம் காட்டப் போனாள். மழையில் தீக்குச்சி பற்றவில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, வாய்க்குள் எதையோ சொல்லி, செம்புத் தண்ணீரைக் கிடாவின் தலையில் கவிழ்த்தாள். முன்னைவிடப் பலமாக உதறியது. கங்காணியின் குல்லாவிலிருந்து வேட்டி வரை தெறித்தது.

"ரெண்டு தடவ சொல்லிட்டாருல்லா? மூணாந்தடவ எம் மூஞ்சியிலயே சொல்லச் சொல்லுவியா?"

அவள் புருஷன் பாய்லர் வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். பனியனோடு மழையில் நின்றுகொண்டு, "நீ கூப்புட்டா ஏறி வந்துபோடுவாருன்னு எனக்கே தெரியாதே," என்றார். கேலிக்குத்தான் சொன்னார். ஆனால் அவள் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. தானே கேட்டு, தானே ஊற்றி, தானே பார்த்த பதில். அதை மீற அவளுக்குத் தெரியாது. கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு வேறு வேலை இல்லாததால் கூண்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்னிடம் வந்தது. காலையில் தழை கொண்டுபோக வேண்டும். உள்ளே புகுந்து புழுக்கையை வாரி, சாக்கு மாற்றி, மூன்று மணிக்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். பின்தடுப்புக்குத் தனிக் கதவு, அதற்கு ஒரு பூட்டு. சாவி என் இடுப்பில். கிடா முதல் நாள் முழுக்கக் கத்தியது. மறுநாள் தொண்டை கட்டிக்கொண்டது. கத்தாத ஆட்டை வைத்து என்ன பிரயோஜனம் என்று கங்காணி என்னைத் திட்டினார். நான் அதற்குப் பதிலாகக் கத்த முடியாது என்றேன்.

காட்டுக்குக் கூண்டு சீக்கிரம் பழகிவிட்டது. விடியும்போது ஒரு கருநீலக் குருவி வந்து கூண்டின் உச்சிக் கம்பியில் உட்கார்ந்து, வேலையில்லாத ஆள் சீழ்க்கையடிப்பது போல நீளமாக அடிக்கும். குரங்குகள் கூட்டமாக வந்து, நான் வைத்த தழையில் தங்களுக்குப் பிடித்ததைக் கம்பி வழியே கைவிட்டு எடுத்துப் போகும். காட்டெருமை ஒன்று கூண்டின் மூலையில் கழுத்தைத் தேய்க்க வரும். அது தேய்க்கும்போது கூண்டே ஆடும், கிடா நடுவில் நின்று நான்கு கால்களையும் அகட்டிக்கொள்ளும். எல்லாம் அதைப் பார்த்துவிட்டுப் போயின. பார்க்க வேண்டிய ஒன்று மட்டும் வரவில்லை.

அது வந்தபோது நான் உள்ளே இருந்தேன்.

பகல் வேளைதான். பனி இறங்கியிருந்ததால் மணி தெரியவில்லை. பின்தடுப்புக்குள் குனிந்து நனைந்த சாக்கை உருவிக்கொண்டிருந்தேன். கிடா சட்டென்று மெல்லுவதை நிறுத்தியது. வாயில் தழை தொங்க, ஒரே பக்கமாகப் பார்த்தது. நான் கதவை உள்ளிருந்து இழுத்து, கொக்கியில் விரலை மாட்டிப் பிடித்துக்கொண்டேன். பூட்டு வெளியே புல்லில் கிடந்தது.

தேயிலைச் செடிகளுக்கு நடுவிலிருந்து அது அவசரமில்லாமல் நடந்து வந்தது. நினைத்ததைவிடச் சிறியது. வயிறு ஒட்டியிருந்தது. கூண்டை ஒரு சுற்றுச் சுற்றியது. முன்தடுப்பின் திறந்த கதவுக்கு முன் நின்று, உள்ளே தலையை மட்டும் விட்டு மோந்தது. இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தால் கதவு விழுந்திருக்கும், லைனே கொண்டாடியிருக்கும், நானும் கிடாவும் பின்கதவு வழியே வெளியே நடந்திருப்போம். அது வைக்கவில்லை. பின்னால் வந்து, நான் கை நீட்டினால் தொடும் தூரத்தில் உட்கார்ந்து, முன்னங்காலை நக்கிக்கொண்டது. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. யார் இரை, யார் காவல் என்று அதற்கு எந்த வித்தியாசமும் தெரிந்ததாக எனக்குப் படவில்லை.

கிடா என் தொடையோடு ஒட்டிக்கொண்டது. அதன் நெஞ்சு அடிப்பதா என் நெஞ்சு அடிப்பதா என்று பிரிக்க முடியவில்லை. என் விரல் மரத்துப்போய், கொக்கியில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் ஆகிவிட்டது. தொழிற்சாலைச் சங்கு ஊதியதும் அது எழுந்தது. உடம்பை நீட்டி ஒரு சோம்பல் முறித்துவிட்டு, சோலைக்குள் போய்விட்டது.

நான் இதை லைனில் சொன்னபோது, "அப்பம் வாசனை பிடிச்சிட்டு, இனி வந்துரும்," என்று கங்காணி சந்தோஷப்பட்டார். சில நாள் கழித்துக் காலையில் கூண்டுக் கதவு விழுந்திருந்தது. லைனே ஓடியது. உள்ளே வாலை ஆட்டிக்கொண்டு நின்றது கங்காணி வீட்டு நாய். சிறுத்தை தின்றுவிட்டது என்று அவர் எல்லாரிடமும் சொல்லி வருத்தப்பட்ட நாய். அடுத்த எஸ்டேட்டில் யார் வீட்டிலோ சாப்பிட்டுக் கொழுத்திருந்தது.

அத்தனை நாள் பேசாதிருந்த அக்கா அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள். "அண்ணாச்சி, உங்க புலி குலைக்குதுங்க."

ஆனால் கிடாவுக்குள் குளிர் இறங்கிவிட்டிருந்தது. இரும்புத் தரை, மேலே மழை, பக்கத்தில் முதுகு வைக்க ஆள் இல்லை. இருமல் தொடங்கியது. மூக்கில் சளி காய்ந்து அடைத்துக்கொண்டது. அக்கா காலையில் கொழுந்துக்குப் போகும் வழியில் சுக்கு மிளகு தட்டிப்போட்ட கஞ்சியை ஒரு தூக்குப்போசியில் கொண்டுவந்து, கம்பிக்கிடையில் கையை விட்டு, அதன் வாயருகே பிடித்திருப்பாள். மடங்காத அந்த விரல்களால் அதன் மூக்கைத் துடைத்துவிடுவாள். இதற்கிடையில் இரண்டு மலைக்கு அப்பால் வேறொரு கூண்டில் ஒரு சிறுத்தை சிக்கியது என்று செய்தி வந்தது. நான் பார்த்த சிறுத்தையும் அதுவும் ஒன்றா என்று யாருக்கும் தெரியாது. "தெரியாம கெடாவ எடுக்கக் கூடாது. சாமி குடுத்தது," என்றார் கங்காணி. மழை விடவில்லை. கிடா தழையைத் தொடுவதை நிறுத்தியது.

நான் மலை இறங்கிய அன்று விடிகிற நேரத்தில் அக்கா கூண்டுக்கு வந்தபோது அவள் கையில் போசி இல்லை. என் துணிப்பை இருந்தது. கூடவே ஒரு சோற்றுப் பொட்டலம்.

"தொறந்து உடு கண்ணு."

"கங்காணி கேட்டாருன்னா?"

"குடுன்னுதான் கருப்பராயன் சொன்னாரு. கொல்லுன்னு சொல்லல. நா ரோசன பண்ணிப் பாத்துட்டேன்." கிடா வெளியே வந்து நின்று இருமியது. "ஆனைமல ரோட்டுல வாய்க்காப் பாலத்தத் தாண்டுனா என்ற தம்பி ஊடு. கோழிப்பண்ண வெச்சிருக்கறவருன்னு கேட்டாச் சொல்லுவாங்க. கொண்டுபோய் உட்டுரு."

"நீங்களும் வாங்கக்கா. ரோடுதான் தொறந்துடுச்சே."

"அவரு பாய்லர உட்டுப்போட்டு வரமாட்டாரு. நா அவர உட்டுப்போட்டு வரமாட்டேன். மொதல்ல இவன் எறங்கட்டும்." கயிற்றை என் கையில் சுற்றினாள். "நா வார வரைக்கும் இவன் உசுரோட இருக்கோணும். பாத்துக்குவியா?"

"சரிங்கக்கா," என்றேன். அந்தக் குளிரில் நிற்கப் பிடிக்காமல் சொன்ன சரி. இறங்கிவிட வேண்டும் என்பதைத் தவிர அப்போது என் தலையில் ஒன்றும் இல்லை.

இறங்க இறங்கப் பனி மேலேயே தங்கிவிட்டது. பாதி மலையில் வெயில் வந்தது. எத்தனை நாளைக்குப் பிறகு என்று நினைவில்லை. கண் கூசி, சாலையோரச் சுவரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். கிடாவின் சாக்கைக் கழற்றினேன். நனைந்த மயிரிலிருந்து ஆவி வந்தது. கீழ் வளைவுகளில் ஒன்றில், தடுப்புச் சுவரின் மேலேயே வரையாடுகள் நின்றிருந்தன. கட்டையான கொம்பும், சாம்பல் நிறமுமாக, அந்தப் பக்கம் பாதாளம், இந்தப் பக்கம் தார்ச்சாலை. எங்களைப் பார்த்து ஓடவில்லை. கிடா கயிறு இழுபட நின்று அவற்றைப் பார்த்தது. கட்டிய தொண்டையில் ஒரு சத்தம் போட்டது. அவற்றில் ஒன்று திரும்பிப் பார்த்துவிட்டு, சுவரிலிருந்து பாதாளத்துப் பக்கம் குதித்து, பாறையில் கால் வைத்துப் போய்விட்டது. மற்றவையும் போயின. கிடா அந்த இடத்தைவிட்டு வர மறுத்தது. சமதளம் வரும் வரை அதைத் தோளில் போட்டுக்கொண்டுதான் இறங்கினேன். நல்லவேளை, இளைத்திருந்தது.

பொழுது சாயும்போது வாய்க்கால் பாலத்தைத் தாண்டினேன். தென்னந்தோப்புக்கு நடுவில் நீளமான ஓலைக் கொட்டகை. அக்காவின் தம்பி வாசலில் தேங்காய் நார்த்தூளை மண்வெட்டியால் பரப்பிக்கொண்டிருந்தார். விவரம் சொன்னேன். கிடாவின் வெட்டுப்பட்ட காதைப் பார்த்ததும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"நேந்து உட்ட கெடாய்ங்களா? நல்லா இருக்குதுங்க. அவுத்து உட்டா ஊரு தோட்டத்த எல்லாம் மேஞ்சுபோடும். அடிக்கவும் ஆகாது. கட்டிப் போட்டா யாருங்க தழை ஒடிக்கறது? நா ஒத்த ஆளு. பண்ணைல இருந்தவனும் போன வாரம் ஓடிட்டான்."

"அக்கா வந்துருவாங்க. அதுவரைக்குந்தானுங்க."

"எப்ப வருதாமா?"

நான் திரும்பி மலையைப் பார்த்தேன்.

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "இருவது வருசமா வாரேன் வாரேன்னுதான் சொல்லிக்கிட்டிருக்குது, பாவம். நீங்க ஒண்ணு பண்ணுங்க. காலைல குஞ்சு வண்டி வருது. எனக்கு ஆளு வேணும். நீங்க இருந்தீங்கன்னா கெடாய் இருக்கட்டும், நீங்களே பாத்துக்குங்க. நீங்க கெளம்பறதா இருந்தா அதையும் கையோட கூட்டிக்கிட்டுப் போயிருங்க."

நான் கிடாவைப் பார்த்தேன். தென்னை மட்டை ஒன்றை முகர்ந்து பார்த்து, வேண்டாம் என்று விட்டுவிட்டு, அதன் மேலேயே படுத்துக்கொண்டது. அதைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது? கேன்டீனுக்கா, லாரிக்கா? எந்த இடத்திலும் என்னைச் சேர்ப்பார்கள், கிடாவோடு சேர்க்கமாட்டார்கள்.

"இருக்கறேனுங்க," என்றேன்.

"இன்னொண்ணு. குஞ்சு உள்ள வந்ததுக்கப்பறம், கோழியாப் புடிச்சுக் குடுக்கற வரைக்கும் வெளிய எங்கயும் போகக் கூடாதுங்க. ஊருக்குள்ள போயிட்டு நோவக் கொண்டாந்து உட்டுட்டா எல்லாமே போயிரும். சாப்பாடு இங்கயே வந்துரும்."

மறுநாள் காலை, வெயில் ஏறும் முன் வண்டி வந்தது. கொட்டகைக்கு உள்ளே தகரத்தால் வட்டம் கட்டி, நார்த்தூள் மேல் காகிதம் விரித்து, தாழ்வாகத் தொங்கவிட்ட குண்டு பல்புகளை இரவே போட்டு வைத்திருந்தார். சமதளத்து வெயில்கூடக் குஞ்சுகளுக்குக் குளிராம். இந்தச் சூடு குறைந்தால் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் செத்துவிடும் என்றார். கரண்ட் போனால் கரிச்சட்டியைக் கொளுத்தி வைக்க வேண்டும். இரவு பகல் யாராவது விழித்திருக்க வேண்டும். அந்த யாராவது நான்தான்.

ஓட்டை போட்ட அட்டைப் பெட்டிகளைத் திறந்ததும் எல்லாம் ஒரே குரலில் கத்தின. அதுவரை அவை தண்ணீரையே பார்த்ததில்லை. முதல் வாய் நாம்தான் காட்டிக்கொடுக்க வேண்டும். அவர் ஒன்றை எடுத்துச் செய்துகாட்டினார். உள்ளங்கையில் வைத்து, கழுத்தைப் பின்னாலிருந்து இரண்டு விரலால் பிடித்து, அலகின் நுனியை மட்டும் கருப்பட்டித் தண்ணீரில் தொட்டு எடுத்தார். குஞ்சு தலையை அண்ணாந்து விழுங்கிற்று. அதைப் பல்புக்கு அடியில் விட்டார்.

"இதே மாதிரி ஒண்ணொண்ணாச் செய்ங்க. ஒண்ணையும் உட்டுரக் கூடாது."

கதவை வெளியிலிருந்து சாத்திக்கொண்டு போனார். ஓலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கிடா இருமியது. நேற்றைவிடக் குறைவாக இருமியதா என்று காது கொடுத்துக் கேட்டேன். பிறகு குந்த வைத்து உட்கார்ந்து, முதல் குஞ்சைக் கையில் எடுத்தேன்.